யாபாவின் பெட்டி எந்தப் பக்கம் போனது

என் அக்கா யாபாவின் சவப்பெட்டியை நான் தூக்கியிருக்கவே கூடாது. சொந்த வீட்டுச் சாவுக்குச் சொந்த வீட்டான் தலை கொடுப்பது எங்களிடம் வழக்கம் இல்லை. ஆனால் ஊரில் கழுத்து உறுதியான ஆள் வேறு யார் இருந்தார்கள்? இளவட்டங்கள் எல்லாம் அணைக்கட்டு வேலை, சுரங்க வேலை என்று ஆற்றின் கீழே பட்டணத்துப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் நானும் அகோமியும். முப்பது வருஷமாக இந்த ஊர்ப் பிணங்கள் எங்கள் இரண்டு பேர் தலையில்தான் ஏறியிருக்கின்றன. முன்னால் நான், பின்னால் அவன்.

"வேற ஆள் கிடையாது, காசிதோன்," என்றார் ஊர்த் தலைவர் வைமோ. "உன் அக்காதானே? உன் தலையில கொஞ்ச நேரம் உக்காரட்டும். உசுரோட இருந்தப்பவும் அவ அங்கதான உக்காந்திருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மைதான்.

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஊர் நடுவில் நிற்போம். தலைவரின் கையாளை பாசியா என்போம்; அந்தப் பாசியா தெமேசி எதிரே நின்று செத்தவரைக் கேள்வி கேட்பான். பெட்டி முன்னால் போனால் ஆமாம். பின்னால் போனால் இல்லை. ஒரு இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் பெட்டி அந்த இடத்துக்கே நடக்கும். நாங்கள் வெறும் கால்கள், போகச் சொல்வது செத்தவர். ஊர் அப்படித்தான் நம்புகிறது. நீ நம்புகிறாயா என்றால், இரண்டு ஆள் பாரத்தைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பார், அப்புறம் வந்து கேள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அது மூன்றாவது சாவு. முதலில் என் தம்பி, ஆற்றில். பிறகு யாபாவின் மூத்த மகள், பிரசவத்தில். பிறகு யாபா, ஒன்பது நாள் காய்ச்சலில். யாபா படுத்துக் கிடந்தபோதே அவளுடைய சின்ன மகள் அபேனிக்கும் அதே காய்ச்சல். ஆறு மாதக் கர்ப்பம் வேறு. அவள் புருஷன் பிராசு மோட்டார் படகில் இரண்டு தடவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் விட்டது. நாலாம் நாள் திரும்பவும் பல் கிட்டியது.

எங்களிடம் வீடு என்பது பெண் வழி. நான் எத்தனை பிள்ளை பெற்றாலும் அவை என் பெண்டாட்டி வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் பிள்ளை பெறக்கூடிய பெண் என்று மிஞ்சியவள் அபேனி ஒருத்திதான். அவள் போனால் எங்கள் வீடு அதோடு முடிந்தது. நானும் இன்னும் நாலு கிழவர்களும் செத்து ஒழியும் வரை வாசலில் புகையிலை மென்றுகொண்டிருப்போம், அவ்வளவுதான்.

வரிசையாக மூன்று சாவு என்றால் அது குனு. ஒரு வீட்டார் யாருக்காவது பெரிய துரோகம் செய்தால், துரோகம் பட்ட அந்த உயிர் அந்த வீட்டுப் பெண் வழியை விடவே விடாது. அதற்குத்தான் குனு என்று பெயர். அதை ஒழிக்க முடியாது. ஆனால் அது யார் என்று தெரிந்தால், துரோகம் நடந்த இடத்துக்குப் போய் ரம் ஊற்றி, செய்ததைச் செய்தோம் என்று வாய்விட்டுச் சொன்னால், கொஞ்சம் ஆறும். யார் என்று தெரியாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. அதைக் கேட்கத்தான் யாபாவைத் தலையில் ஏற்றினோம்.

அது யார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம்.

எங்கள் வீட்டை நெருப்பு வீடு என்பார்கள். அடிமைக் காலத்தில் வெள்ளைக்காரனுடைய கரும்பாலைக்கு முதல் தீ வைத்தவர் எங்கள் பெரியவர். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்தப் பெயரைக் கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. சவுக்கால் உரித்த முதுகோடு நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர். பட்டாளம் பின்னாலேயே வந்தது. அவருக்குத் தலை நரைக்கும் வரை சண்டை ஓடியது. கடைசியில் களைத்தது வெள்ளைக்காரன்தான். அவனே வந்து, எங்கள் ஆட்களோடு கையைக் கீறி ரத்தம் கலந்து குடித்து, நீங்கள் சுதந்திர ஆட்கள், இந்த ஆறு உங்களுக்கு என்று சத்தியம் செய்தான். அதனால் எந்தக் கூட்டத்திலும் முதல் ரம் நாங்கள்தான் ஊற்றுவோம். இரண்டாவது ஊற்றுவது அகோமியின் வீடு, துப்பாக்கி வீடு. அதே கலகத்தில் வெள்ளைக்காரன் துப்பாக்கிகளை அள்ளி வந்தவர்கள். தீ முதலா, துப்பாக்கி முதலா என்று இருநூறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் முறைப்பு.

அந்தச் சத்தியத்தில் இன்னொரு வார்த்தையும் இருந்தது. அதைக் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை. இனிமேல் கரும்புத் தோட்டங்களிலிருந்து ஓடி வருகிறவர்களை நாங்கள் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் துணி, மருந்து, பானை கிடைக்கும்.

என் மாமன் தொதே கொல்லை வெட்டும்போது இதை எனக்குச் சொன்னார். ஒரே மூச்சில் சொல்லவில்லை. பழைய காலத்துச் சங்கதியை எங்களில் எவனும் முழுதாகச் சொல்ல மாட்டான். வருஷத்துக்கு ஒரு துண்டு. அதிலும் பாதி, கேட்கிறவன் வாயைச் சோதிக்கச் சொன்ன பொய்யாக இருக்கும். நான் இங்கே சொல்வதும் முழுசு இல்லை. மாமன் சொன்னது இது. சமாதானம் ஆன மூன்றாம் வருஷம் ஒருத்தி இடுப்பில் பெண் குழந்தையோடு ஓடி வந்தாள். ஓடைக்கரையில் எங்கள் கொல்லைக் குடிசையில் இரண்டு மாதம் இருந்தாள். எங்கள் சோற்றைத் தின்றாள், எங்கள் மரவள்ளியை இடித்தாள். பிறகு பெரியவர் அவளை ஓடை முகத்தில் ஒரு மரத்தோடு கட்டினார். மறுநாள் படகில் போட்டுக் கீழே கொண்டுபோய் வெள்ளைக்காரனிடம் விட்டார். திரும்பும்போது படகில் ஒரு இரும்புப் பானை இருந்தது.

"குழந்தை?" என்று கேட்டேன்.

"புல்லை வெட்டுடா," என்றார் மாமன்.

அதற்கு மேல் சொல்லாமலே செத்துப்போனார். தன் கையால் தீ வைத்து நாற்பது பேர் விலங்கை உடைத்த மனுஷன், வீட்டில் சோறு தின்றவளைக் கட்டுவானா? எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டும் ஒரே ஆள்தானா? மாமன் என்னைச் சோதித்தாரா? நாற்பது வருஷமாக இதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. விட்டால் முதல் ரம் போய்விடும். துப்பாக்கி வீட்டான் ஒவ்வொருத்தனும் என் முகத்துக்கு நேரே சிரிப்பான்.

விட்டுத் தொலைப்போம், பெட்டியே காட்டட்டும் என்று நினைத்துத்தான் சும்மாட்டை வைத்தேன்.

தெமேசி கேட்டான். "யாபா அத்தே, உன்னக் கொன்னது ஊர்ல இருக்கிற சூனியக்காரனா?"

பெட்டி பின்னால் போனது.

"குனுவா?"

முன்னால் போனது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

"பழைய காலத்துக் குனுவா? வெள்ளைக்காரன் காலத்துதா?"

முன்னால் போனது. கழுத்தெலும்பு நொறுங்குகிறமாதிரி அழுத்தியது.

"எந்த இடம்னு காட்டு தாயீ."

ஊர் நடுவிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. வலது பாதை ஓடைக்கு, எங்கள் பழைய கொல்லைக்கு. இடது பாதை துப்பாக்கி வீட்டாரின் பழைய படகுத்துறைக்கு. பெட்டி இரண்டு எட்டு வலது பக்கம் வைத்தது. என் மனசு, போ, போய்க் காட்டித் தொலை, அபேனி பிழைக்கட்டும் என்றது. என் கால் இடது பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. திருப்பினேனோ என்னவோ. உடனே பின்னாலிருந்து ஒரு தள்ளு, வலது பக்கமாக. நான் இடது பக்கம். மறுபடி வலது பக்கம் ஒரு உந்து. பெட்டி நேரே எங்கேயும் போகாமல் சுற்ற ஆரம்பித்தது. தலைவரின் நெல் களஞ்சியத்தைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. பிராசுவின் சமையல் கொட்டகை வேலி சரிந்தது. மிளகாய்ச் செடி மிதிபட்டது. ஒரு பெட்டைக்கோழி என் காலுக்குள் புகுந்து கத்தியது.

"சாராயத்தக் குடிச்சிட்டுத் தூக்குறானுங்கடி!" என்று ஒரு கிழவி கத்தினாள்.

"யாபாவுக்கு எப்பவும் ஒரு இடத்துல நிக்கத் தெரியாது," என்றாள் இன்னொருத்தி.

"நிறுத்துங்க!" பிராசு முன்னால் வந்து நின்றான். அவன் கண் சிவந்திருந்தது. "உள்ள ஒருத்தி சாகக் கிடக்கா. நீங்க ரெண்டு பேரும் வெளிய கூத்தா ஆடுறீங்க?"

தலைவர் கையை உயர்த்தினார். "இறக்கி வையுங்க. மூச்சு வாங்கட்டும். ரெண்டு பேரும் போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க."

பெட்டியை முக்காலிகள் மேல் இறக்கினோம். நானும் அகோமியும் ஆற்றுப் படித்துறைக்குப் போனோம். தண்ணீரில் கால் வைத்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏண்டா தள்ளினே?"

"நானா? நீதாண்டா இழுத்தே! முன்னால நிக்கிறவன் நீ."

"வலது பக்கம் எதுக்குடா தள்ளினே? உனக்கு யார் சொன்னது?"

"என்ன யார் சொன்னது?"

"நடிக்காத. எங்க மாமன் குடிச்சிட்டு உங்க வீட்ல உளறினானா? முப்பது வருஷமா தெரிஞ்சுவச்சுக்கிட்டு இன்னிக்கு என் அக்கா பெட்டியவச்சே என்ன அசிங்கப்படுத்தப் பாக்குறியா?"

அகோமி என் கையைத் தட்டிவிட்டான்.

"நீ சொல்றது எனக்கு ஒரு மண்ணும் விளங்கல. என்னைக் கேக்க விடு. நீ எதுக்கு இடது பக்கம் இழுத்தே? படகுத்துறைக்கு எங்கள இழுத்துட்டுப் போய் ஊரக் கூட்டிக் காட்டவா? அதை உனக்கு யார் சொன்னது? எங்க அண்ணனா?"

"படகுத்துறையில என்னடா இருக்கு?"

இரண்டு கிழட்டு முட்டாள்கள் முழங்கால் தண்ணீரில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நான் என் வீட்டு இடத்தைவிட்டு விலகி இழுத்திருக்கிறேன். அவன் அவன் வீட்டு இடத்தைவிட்டு விலகித் தள்ளியிருக்கிறான்.

"நீங்களும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் அடித்தான்.

"சமாதானத்துக்கு அப்புறம்," என்றான். "எங்க பெரியவர்தான். துறையில வச்சுப் படகுல ஏத்தினார்."

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அப்படியானால் மாமன் சொன்னது எங்கள் கதையே இல்லை, அவர்கள் கதை. கைமாறி எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

"அப்ப அந்தப் பொம்பளையக் கட்டினது உங்க ஆளு!"

"எந்தப் பொம்பள?"

"கைக்குழந்தையோட வந்தவ."

"பொம்பளையா? இல்லடா. ரெண்டு ஆம்பளைங்க. அண்ணன் தம்பி. தம்பிக்கு ஒரு காது கிடையாது, வெள்ளைக்காரன் அறுத்திருந்தான். எங்க பெரியவர் அவங்களுக்குத் தன் தங்கச்சியக் கட்டித் தரேன்னு சொல்லித் துறைக்குக் கூட்டிட்டு வந்தாராம்."

"பொம்பள யாரும் இல்லையா?"

"ரெண்டு ஆம்பளைங்கன்னு சொல்றேன்ல!"

இறங்கிய பாரம் திரும்ப ஏறிவிட்டது. ஒன்று குறையும் என்று நினைத்தால் இரண்டாகிவிட்டது. எங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை?

"காசிதோன்," என்றான் அவன், சத்தத்தைக் குறைத்து. "அப்ப இதுக்கு முன்னாடி நாம தூக்கின பெட்டிங்க? அதெல்லாம் யாரு தள்ளினது?"

எனக்கு உடனே அகுபாவின் ஞாபகம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி நேரே போய் அவள் கதவில் முட்டியது. சூனியக்காரி என்று ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அன்றைக்கு என் காலா போனது, அவன் காலா, செத்தவன் காலா? அகோமிக்கும் அதே ஞாபகம்தான் வந்திருக்கும். அவள் பெயரை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கரையேறினோம்.

திரும்பி வந்தபோது அபேனியைப் பாயோடு வாசலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். உள்ளே மூச்சு முட்டுகிறது என்றாளாம். உதடு வெடித்திருந்தது. வயிறு மட்டும் தனியாக மேடிட்டிருந்தது.

"மாமா," என்றாள். "அம்மா என்ன சொன்னா? எந்தப் பக்கம் போனா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இவளும் போனால் எங்கள் வீட்டில் கேள்வி கேட்க இனிமேல் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. பொய்யைக் கேட்கக்கூட ஆள் இருக்காது.

தலைவருக்கு நேரே போய் நின்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவன் பேசினால், ஒவ்வொரு பேச்சுக்கும் எதிரே ஒருவன் 'அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அது பாசியா வேலை. அது இல்லாவிட்டால் பேசினதே கணக்கில்லை.

"சமாதானத்துக்கு அப்புறம் ஒருத்தி ஓடி வந்தா," என்றேன்.

"அப்படித்தான்," என்றான் தெமேசி.

"எங்க கொல்லையில சோறு தின்னா."

"அப்படித்தான்."

"எங்க பெரியவர் அவளைக் கட்டி வெள்ளைக்காரன்கிட்டக் குடுத்தார்."

தெமேசி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தலைவரைப் பார்த்தான். தலைவர் தரையைப் பார்த்தார். இப்படியே நிற்கவைத்து ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன்.

"அப்படித்தான்!" என்று பின்னாலிருந்து அகோமி கத்தினான். "அப்படித்தான், சொல்லுடா! ஒரு பானைக்காகக் குடுத்தானா?"

"பானைக்காகத்தான். உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாரும் பானைக்காகத்தான குடுத்தானுங்க!"

அப்புறம் அவன் தன்னுடையதைச் சொன்னான். நான் அவனுக்கு 'அப்படித்தான்' சொன்னேன். ஒற்றைக் காது தம்பியைச் சொல்லும்போது துப்பாக்கி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து அவன் மேல் மண்ணை வாரி எறிந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தான்.

தலைவர் வைமோ புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குழந்தை என்னாச்சு?"

"தெரியாது. மாமன் சொல்லல."

"வெள்ளைக்காரன்கிட்ட அதையும் குடுத்தாங்களா?"

"அவளத்தான் கொண்டுபோனார்னு மாமன் சொன்னாரு. குழந்தையப் பத்திப் பேச்சே இல்ல."

"பொம்பளப் புள்ளைதானே?"

"ஆமா."

"உங்க பெரியவருக்குக் கூடப் பொறந்த பொம்பளைங்க யாரு?"

வாயைத் திறந்தேன். பெரியவரின் தீ தெரியும், முதுகுத் தழும்பு தெரியும், அவர் கொன்ற சிப்பாய்கள் எத்தனை என்று தெரியும். அக்கா தங்கை என்று ஒரு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல ஒண்ணு சொல்லுவாங்க," என்றார் தலைவர். "உங்க பெரியவர் ஒத்த ஆளு, கூடப் பொறந்தவ யாரும் இல்லாம வந்தவருன்னு. அக்கா தங்கச்சி இல்லாத ஆம்பளைக்கு ஏதுய்யா வீடு? நீங்க எல்லாம் யார் வயித்துல வந்தீங்க?"

எங்கள் முதல் தாயின் பெயர் எனக்குத் தெரியும். பெரியவர் வளர்த்த பெண் என்று எங்கள் கிழவிகள் சொல்வார்கள். வளர்த்தார் என்றால் எங்களிடம் அக்கா மகளை வளர்த்ததாகத்தான் அர்த்தம் எடுப்போம். ஒருவனும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

"அதெப்படி?" என்றான் தெமேசி. "அவளோட புள்ள வழிதான் இவங்கன்னா, சொந்தப் புள்ளைங்களையா ஒவ்வொண்ணா சாகடிப்பா?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றான் அகோமி. "தன்னக் கட்டிப் போட்டவன் வீட்டுல அவன் பேரச் சொல்லிக்கிட்டு இத்தனை பேரு நிக்கிறாங்க. நெருப்பு வீடு, நெருப்பு வீடுன்னு நெஞ்சத் தட்டுறாங்க. அவ என்னத்தக் கண்டா?"

என் தலை சுற்றியது. பெட்டி சுற்றியதைவிட மோசமாக. நாங்கள் கட்டியவர் வீடா, கட்டப்பட்டவள் வீடா? இரண்டுமா? இருநூறு வருஷமாக முதல் ரம்மை யாருக்காக ஊற்றினோம்? எங்கள் தாயைக் கட்டியவனுக்கு நன்றி சொல்லி அவள் வழிப் பேரன்களே ஊற்றினோமா? இல்லை, பெரியவருக்கு உண்மையிலேயே ஒரு தங்கை இருந்து, அவள் பெயரை எவனோ ஒரு கஞ்சப் பயல் வாய்விடாமலே செத்துவிட்டானா? வைமோ சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை. அவர் வீடு மூன்றாவது ரம் ஊற்றுகிற வீடு. நாங்கள் இறங்கினால் அவருக்கு லாபம்.

"ஓடைக்குப் போவோம்," என்றார் தலைவர். "பெட்டி இங்கயே இருக்கட்டும்."

நடுமதியம். பிராசு அபேனியை முதுகில் சுமந்து வந்தான். ஓடை முகத்தில் மரம் எதுவும் இல்லை. இருந்த மரம் எப்போதோ ஆற்றோடு போயிருக்கும். தலைவர் சுரைக்குடுக்கையில் ரம்மை ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கினேன். நின்றேன்.

"சொல்லுடா," என்றான் அகோமி.

"என்னன்னு சொல்ல?"

"மன்னிச்சுடுன்னு சொல்லு."

"அம்மான்னு கூப்பிடவா, மன்னிச்சுடுன்னு சொல்லவா? பெத்தவகிட்ட 'உன்னக் கட்டினது நாங்கதான்'னு சொல்றதா? அதுவும் தப்பாப் போனா? அவ யாரோ, நாங்க யாரோன்னு ஆகிப்போனா, 'அம்மா'ன்னு கூப்பிட்டதுக்கு இன்னும் கோவம் வராதா?"

"ரெண்டையும் சொல்லிப்புடு."

"ரெண்டையும் எப்படிடா ஒரே வாயால சொல்றது?"

தெமேசி சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து இருமினான். கோபம் வந்தது, ஆனால் என் கையிலிருந்த குடுக்கை சாய்ந்து ரம் பாதிக்கு மேல் மணிக்கட்டில் வழிந்துவிட்டிருந்தது.

"என்கிட்டக் குடு, மாமா," என்றாள் அபேனி.

பிராசு அவளை இறக்கிவிட்டான். நிற்க முடியவில்லை. தண்ணீர் ஓரத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொம்பளை ஊற்றுகிற வழக்கம் உண்டா என்று யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் அவனைப் பார்த்தார், அவன் நிறுத்திக்கொண்டான்.

"நாங்க யாருன்னு எங்களுக்குத் தெரியல," என்றாள் அவள். குரல் கீச்சென்று வந்தது. "இந்தக் கெழவனுங்களுக்கும் தெரியல. உனக்குத் தெரியும்ல? நீயே பாரு. என் மூஞ்சியப் பாரு. உன் புள்ளதான்னா என்ன விடு. உன்னக் கட்டினவன் புள்ளதான்னா, இந்தா, குடி, குடிச்சிட்டு என்ன விடு. வயித்துல ஒண்ணு இருக்கு."

ஊற்றினாள். மிச்சம் இருந்தது ஒரு வாய்கூட இருக்காது. பிறகு இடது பாதை வழியாகப் படகுத்துறைக்குப் போய் அகோமி தன்னுடையதை ஊற்றினான். அவனுக்கு வார்த்தை தடுமாறவில்லை. அவன் வீட்டுக்கு யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று தெளிவாகவே தெரியும். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சாயங்காலம் யாபாவை மறுபடி தலையில் ஏற்றினோம். தெமேசி கேட்டான், போதுமா என்று. பெட்டி முன்னால் போனது. அப்படியே ஒரு தடவைகூடத் திரும்பாமல் படகுக்கு நடந்து, ஆற்று வழியே இடுகாட்டுக்குப் போனது. நான் தள்ளவில்லை. அகோமியும் தள்ளவில்லை என்கிறான். அவன் சொல்வதை நான் நம்பவில்லை, நான் சொல்வதை அவனும் நம்பியிருக்க மாட்டான்.

அந்த வாரத்திலேயே ஊரில் மூன்று கிழவர்கள், ஒருவர் வந்தது ஒருவருக்குத் தெரியாமல், என் குடிசைக்கு வந்தார்கள். மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கூட்டத்துல எப்படிய்யா வாயத் தொறந்தே?" எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அபேனி பிழைத்தாள். ரம் ஊற்றிய மறுநாள் பிராசு அவளைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இந்தத் தடவை வேறு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. மாத்திரையா, ஓடையா என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. கோடையில் பெண் குழந்தை பிறந்தது.

முதல் ரம் இப்போதும் எங்களுக்குத்தான். வைமோ பிடுங்குவார் என்று நினைத்தேன், பிடுங்கவில்லை. ஊற்றுகிற வேலையை நான் அபேனிக்கு விட்டுவிட்டேன். அவள் பெரியவர் பெயரையும் சொல்கிறாள், ஓடி வந்த அந்தப் பெயர் தெரியாதவளையும் கூப்பிடுகிறாள், யாரை முதலில் என்று ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுகிறாள். பெரியவரை முதலில் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஓடி வந்தவளை முதலில் சொன்னாலும் கோபம் வருகிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வரை யார்மேல் என்று யோசித்துக்கொண்டே போகிறேன்.